ஆரி வேலைப் பாடங்களுக்குச் சந்தா வைக்கலாமா?

ஊசிநூல்_ஈசூன்:
மூன்று வருடமாக, கொக்கி ஊசியால் துணியில் பூவேலை செய்யும் ஆரி வேலைப் பாடங்களை இலவசமாகவே போட்டு வருகிறேன், ஆனால் இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் நூலும் மணியும் வாங்குவதே மாதாமாதம் கையைக் கடிக்கிறது. 8 வெள்ளி சந்தா வைத்து, உறுப்பினர்களுக்கு மட்டும் சில பாடங்கள் தரலாம் என்று நினைக்கிறேன். இத்தனை நாள் கூட இருந்தவர்கள் மனம் நோகுமோ என்றுதான் தயக்கம். எதைப் பூட்டி வைப்பது?

மணிமாலை:
தயங்காதீர்கள் அக்கா. ஆனால் ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்பப் பிடுங்காதீர்கள், சங்கிலித் தையல் எல்லோருக்கும் இருக்கட்டும். காசு கொடுப்பவர்களுக்கு அளவு போட்ட ரவிக்கைக் கழுத்து வரைபடம், அப்புறம் துணிக்கு அடியில் இடது கை ஊசிக் கொக்கியில் நூலை எப்படி மாட்டுகிறது என்று கிட்டத்தில் எடுத்த காணொளி. நான் ஆறு மாதம் திணறியது அங்கேதான், அடிப்பக்கத்தை யாருமே காட்டுவதில்லை!

வரவுசெலவு:
சந்தா வசூலித்துத் தரும் பேட்ரியான் தளம் புதிதாகச் சேரும் படைப்பாளர்களிடம் 10 விழுக்காடு பிடிக்கிறது, பணம் செலுத்தும் கட்டணம் தனி. 8 வெள்ளியில் 7 வெள்ளிகூட முழுசாகத் தேறாது. பத்துப் பதினைந்து பேர்தான் என்றால் வங்கிக் கணக்குக்கு நேரே பணம் அனுப்பும் பேநவ் போதும். வருமான வரியில் காட்டிவிடுங்கள். செலவு போக ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கும் கட்ட வேண்டும், அதனால் நூல் வாங்கிய ரசீதை எறியாதீர்கள்.

ஊசிநூல்_ஈசூன்:
சரி, அடிப்பக்கக் காணொளிதான் முதல் பாடம். துணி மாட்டிய சட்டத்துக்குக் கீழே கைபேசியை ஆடாமல் நிறுத்த யாருக்காவது வழி தெரியுமா?