பாரிஸிலிருந்து சைக்கிளில் 10 நாள்: காடும் ஆறும் சேர்ந்த வழி எது?

வெள்ளவத்தை_37

வணக்கம். ஜூன் நடுப்பகுதியில் நானும் மச்சானும் பிரான்ஸ் போகிறோம். லா கூர்நெவ்வில் பெரியம்மா வீடு. அங்கிருந்து புறப்பட்டு 10 நாள் சைக்கிளில் சுற்றிவிட்டு அங்கேயே திரும்ப வேண்டும். அரண்மனைகள் முக்கியமில்லை. காட்டுக்குள்ளும் ஆற்றோரமும் போக வேண்டும், வாகனம் குறைவாக இருக்க வேண்டும். நாளுக்கு 50 கி.மீ. சிரமமில்லை, ஆனால் அது கொழும்புச் சமதரையில். மலை பழக்கமில்லை.

டோர்டோஞ் ஆறு, லாண்ட் பைன் காடு, லுவார் ஆறு மூன்றையும் யோசித்து வைத்திருக்கிறோம். என்னிடம் 700சி ஹைபிரிட், மச்சானிடம் 26 × 1⅜ டயர் போட்ட ஊர்ச் சைக்கிள். இரண்டையும் கொண்டுபோகலாமா? கூடாரம் கொண்டுபோகிறோம். மச்சான் சுத்த சைவம்.

ஆற்றோரம்

தம்பி, மூன்றும் நல்ல இடங்கள்தான், ஆனால் உங்கள் 10 நாளுக்கும் உங்கள் காலுக்கும் மூன்றும் பொருந்தாது. டோர்டோஞ் ஆறு சமமாக ஓடினாலும் அதன் கரை நெடுக சைக்கிள் பாதை இல்லை. சார்லாவிலிருந்து கசுலெஸ் பக்கம் போகும் பழைய ரயில் பாதை அருமையானது. மற்ற இடங்களில் பள்ளத்தாக்கை விட்டு ஏறி ஏறி இறங்க வேண்டும். லாண்ட் தட்டையானது. 1857ஆம் ஆண்டுச் சட்டத்தால் சதுப்பு நிலத்தை வடித்து நட்ட காடு என்பதால் மரங்கள் நூல் பிடித்தாற்போல் வரிசையாக நிற்கும், பாதையும் கண்ணுக்கெட்டிய தூரம் நேராகக் கிடக்கும். 2022இல் அங்கே பெரிய காட்டுத்தீ வந்தது. தீ அபாயம் கூடிய நாட்களில் காட்டு வழிகளை மூடிவிடுவார்கள், அப்போது உங்கள் திட்டமே நின்றுபோகும். லுவார் பாதையில் மட்டும் போனால் பெரும்பகுதி வெள்ளத்தடுப்பு அணையின் மேல் வெயிலில்தான் போவீர்கள்.

நான் சொல்வது நிவெர்னே கால்வாய். ஒசேரிலிருந்து டெசீஸ் வரை 174 கி.மீ. அங்கே லுவாரைப் பிடித்து ஓர்லியான் வரை இறங்குங்கள். எல்லாம் சேர்த்துச் சுமார் 400 கி.மீ. இந்தக் கால்வாய் வேலையை 1784இல் தொடங்கியதே மோர்வான் காட்டு விறகைப் பாரிஸுக்குக் கொண்டுபோகத்தான். அதனால் முதல் ஐந்து நாளும் காடு பக்கத்திலேயே வரும். யோன் ஆறும் க்லாமெசியைத் தாண்டியும் கூடவே வரும்.

ரயில் பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து ஒசேருக்கு. லா கூர்நெவ்விலிருந்து பெர்சிக்குச் சைக்கிளிலேயே போகலாம்: சென்-தெனி கால்வாய், விலெத் குளம், சென்-மார்த்தான் கால்வாய், பஸ்தீய். சுமார் 12 கி.மீ., ஏற்றம் இல்லை.

முதல் நாள் கிராவான் வரை 20 கி.மீ. போதும். மறுநாள் க்லாமெசி, வழியில் சோசுவா சுண்ணாம்புப் பாறைகள் ஆற்றின் மேல் செங்குத்தாக நிற்கும். பிறகு ஷித்ரி, நாலாம் நாள் ஷத்தியோன்-ஆன்-பசுவா, ஐந்தாம் நாள் டெசீஸ். இந்த நாலாம் நாளுக்காகத்தான் முழு வழியையும் சொல்கிறேன். சார்தியில் 16 நீர்ப்பூட்டுகள் (படகை மேலே ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) படிக்கட்டுப் போல ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். ஏற்றம் முழுவதும் பூட்டுக்குப் பூட்டுச் சிறு சரிவாகப் பிரிந்துவிடுவதால் மலை பழகாத காலும் ஏறிவிடும். உச்சியில் கொலான்செல் சுரங்கம், 758 மீட்டர். படகு உள்ளே போகும், சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மேலே காட்டு வழியாகச் சுற்றிப் பே ஏரியில் இறங்குங்கள். அங்கிருந்து தண்ணீர் லுவார் பக்கம் ஓடத் தொடங்கும்.

பாதை ஒரே சீராக இருக்காது. தார் வரும், சரளை வரும், தெற்கே சில துண்டுகளில் புல்லுக்குள் ஒற்றைத் தடம் மட்டும். மழை பெய்தால் அந்தக் களிமண் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் அடைத்துச் சில்லைப் பூட்டிவிடும். அப்படிப்பட்ட நாளில் பிடிவாதம் வேண்டாம். பெரும்பாலும் பக்கத்தில் ஒரு சிறிய டி வீதி (மாவட்ட வீதி) ஓடும், அதில் ஏறுங்கள்.

டெசீஸுக்குப் பிறகு நெவேர், லா ஷாரித்தே, ப்ரியார், சுல்லி, ஓர்லியான். லா ஷாரித்தே–ப்ரியார் நாள்தான் நீளம், சுமார் 60 கி.மீ. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது முகத்துக்கு நேரே. மத்தியானத்துக்குப் பிறகு அது கூடும். காலை 7 மணிக்கே கிளம்புங்கள். ப்ரியாரில் லுவாரைக் கடக்கும் கால்வாய்ப் பாலம் 662 மீட்டர், 1896இல் திறந்தது, ஓரத்தில் சைக்கிளை உருட்டிப் போகலாம். ஆற்றில் மட்டும் இறங்கிக் குளிக்க வேண்டாம். மணல்திட்டுக்கு அருகே முழங்கால் அளவு தெரியும், அடுத்த அடியில் மணல் சரிந்து ஆழத்துக்கு இழுக்கும்.

சில்லுக்காரன்

வழி நல்ல தெரிவு. சைக்கிளைப் பற்றி நான் சொல்கிறேன்.

மச்சானின் சைக்கிளைக் கொண்டுபோக வேண்டாம். 26 × 1⅜ என்றால் டயர் பக்கவாட்டில் 590 என்ற எண் இருக்கும், அது டயர் உட்காரும் விட்டம் மி.மீ.இல். பிரான்ஸ் கிராமக் கடையில் எளிதாகக் கிடைப்பது 622, அதுதான் உங்கள் 700சி. 590 டயர் கிழிந்தால் பயணம் அங்கேயே நிற்கும். அவருக்கும் ஒரு 622 சைக்கிள் தேடுங்கள், டயர் இருவருக்கும் 37 அல்லது 40 மி.மீ. ஒரே அளவாக இருந்தால் மேலதிக டியூப் இரண்டும் பொதுவாகும். காற்று முன்னுக்கு 3 பார், பின்னுக்கு 3.5 முதல் 4. சரளையில் அதற்கு மேல் அடித்தால் சில்லு துள்ளும், கையும் மரத்துப்போகும்.

உடைவது பெரும்பாலும் பின்சில்லுக் கம்பி, அதுவும் செயின் பக்கத்தில், ஹப்புக்குள் வளையும் இடத்தில். சுமையால் மட்டும் உடைவதில்லை. கம்பி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டுத் தளர்ந்து, களைத்து அறுந்துவிடும். போவதற்கு இரண்டு கிழமைக்கு முன் 36 கம்பியையும் இறுக்கிச் சமப்படுத்தி, சுமையோடு 100 கி.மீ. ஓடிப் பிறகு மறுபடி பாருங்கள். பின் பற்சில்லுத் தொகுதி ஃப்ரீவீலா, ஹப்பில் செருகும் கசெட்டா என்பதையும் பாருங்கள். திருகிப் பூட்டும் ஃப்ரீவீலில் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சு வளையும். அது இருந்தால் பின்சுமை 12 கிலோவைத் தாண்டக் கூடாது, மிச்சத்தை முன் கரியரில் போடுங்கள். சரியான நீளத்தில் 4 கம்பியும், ஃப்ரீவீல் அல்லது கசெட் கழற்றும் சாவியும் கட்டாயம். சாவி இல்லாமல் செயின் பக்கக் கம்பியை மாற்றவே முடியாது.

சுமையோட்டத்துக்கு வத்தளையிலிருந்து நீர்கொழும்புக்குப் போகும் ஹமில்டன் கால்வாய்க் கரை பொருத்தமாக இருக்கும். கூடாரம், அடுப்பு, தண்ணீர் எல்லாம் ஏற்றி ஓடிப் பாருங்கள். கரியர் ஸ்க்ரூ தளர்வது அங்கேயே தெரிந்துவிடும்.

விமானத்துக்குச் சைக்கிள் கடைக் காட்போட் பெட்டி போதும். இடது பெடல் மறுபுரி, கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். பின் கியரைக் கழற்றிச் சட்டத்துக்குள் கட்டுங்கள், முன் கவட்டில் ஒரு மரத்துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் அமுக்கத்தில் வளையும். டிக்கெட் எடுத்ததும் விமான நிறுவனத்துக்குச் சைக்கிளை அறிவியுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். எரிவாயுக் குப்பி எதிலும் போக முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். பெட்டியைப் பெரியம்மா வீட்டிலேயே வைத்துவிட்டுத் திரும்பும்போது எடுங்கள்.

கொட்டாஞ்சேனை_அக்கா

விசா விண்ணப்பம் கொழும்பு விஎஃப்எஸ் (விண்ணப்பங்களை ஏற்கும் நிறுவனம்) ஊடாக. கட்டணம் 90 யூரோ, அவர்களின் சேவைக் கட்டணம் தனி. காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், அதில் சைக்கிள் பயணத்தை விலக்கும் வரி இருக்கிறதா என்று வாசியுங்கள். பெரியம்மா நகரசபையில் அத்தெஸ்தாசியோன் தக்கேய் (விருந்தினரைத் தங்கவைப்பதற்கான சான்றிதழ்) எடுத்து அனுப்பினால் அந்த வீட்டில் தங்கும் இரவுகளுக்கு மட்டுமே அது செல்லும். மற்ற ஒவ்வொரு இரவுக்கும் திகதி, ஊர், தூரம், தங்குமிடம் என்று ஒரு பக்க அட்டவணை கொடுங்கள். கேம்பிங் முனிசிபால் (நகரசபையின் கூடாரத் தளம்) பலவற்றில் ஒரு கூடாரத்துக்கு முன்பதிவு எடுக்க மாட்டார்கள், அதனால் ரத்துச் செய்யக்கூடிய விடுதிப் பதிவுகளை வைத்து விண்ணப்பிப்பது நல்லது. ‘அக்கேய் வேலோ’ பலகை உள்ள இடங்கள் சைக்கிள் வழியிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் தருவார்கள்.

சாப்பாட்டில் சிக்கல் பொருளில் இல்லை, நேரத்தில்தான். கிராமக் கடைகள் மத்தியானம் 12க்குப் பூட்டி 2க்கோ அதற்குப் பிறகோ திறக்கும். ஞாயிறு பின்னேரமும் திங்களும் பல ஊர்களில் ஒன்றுமே திறந்திருக்காது. சனிக்கிழமையே இரண்டு நாளுக்கு வாங்குங்கள். பாண், பேணிக் கொண்டைக்கடலை, பச்சைப் பருப்பு, குஸ்குஸ் எங்கும் உண்டு. குஸ்குஸ் கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடினால் போதும், எரிபொருள் மிச்சம். ஊரிலிருந்து மிளகாய்த்தூளும் சீரகமும் கொண்டுபோங்கள். சலாட் என்று கேட்டால் மேலே பன்றித் துண்டு தூவி வரலாம். ‘சான் வியாந்த், சான் லார்தோன்’ (இறைச்சி வேண்டாம், பன்றித் துண்டு வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள் மச்சானை.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம் போங்கள், வாசலருகே குழாய் இருக்கும். ‘நோன் போத்தாப்ள்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

வலப்பக்கம் ஓட வேண்டும் என்பது இரண்டு நாளில் பழகிவிடும். பழகாதது வலது முன்னுரிமை: பலகை இல்லாத கிராமச் சந்தியில் வலப்பக்கச் சிறு ஒழுங்கையிலிருந்து வரும் காருக்குத்தான் உரிமை, நீங்கள் நிற்க வேண்டும். ஊருக்கு வெளியே இரவிலும் மூடுபனியிலும் பளிச்சிடும் மேலங்கி சட்டப்படி கட்டாயம். காதில் இயர்போன் தடை.

வெள்ளவத்தை_37

மிக்க நன்றி. 622 சைக்கிளுக்கு டாம் வீதியில் தேடுகிறோம். இரண்டு கேள்வி. அடுப்புக்கு எந்தக் குப்பி? ஜூன் இரவு கூடாரத்தில் எவ்வளவு குளிர்?

ஆற்றோரம்

சிறு கடைகளில் அதிகம் இருப்பது காம்பிங்காஸ் கிளிக் குப்பி, திருகாமல் அழுத்திப் பூட்டுவது. திருகுக் குப்பிக்கு டெகத்லோன் போன்ற பெரிய கடை வேண்டும், கால்வாய் வழியில் அது கிடைக்காது. திருகு அடுப்பு என்றால் பாரிஸிலேயே இரண்டு வாங்கிவிடுங்கள். ஸ்பிரிட் அடுப்பு என்றால் ‘அல்கோல் அ ப்ரூலே’ என்று எந்த சுப்பர்மார்க்கட்டிலும் கேட்கலாம்.

இரவு 10 பாகை வரை இறங்கும், ஆற்றோரத்தில் ஈரமும் சேரும். 5 பாகைக்கு உகந்த உறங்குபை எடுங்கள். சூரியன் மறைய இரவு 10 மணியாகும், வெளிச்சத்தை நம்பி நேரம் பிந்தி ஓடாதீர்கள், கேம்பிங் அலுவலகம் அதற்கு முன்பே பூட்டிவிடும்.

ஒன்று விட்டுவிட்டேன். அந்தப் புல் பாதையில் உண்ணி இருக்கும், அது லைம் நோயைக் கொண்டுவரலாம். ஒவ்வொரு இரவும் முழங்கால் மடிப்பு, அரை, கக்கம் மூன்றையும் பாருங்கள். மருந்துக்கடையில் ‘தீர்-தீக்’ என்ற சிறு கொக்கி வாங்கித் தோலோடு ஒட்டிச் சுழற்றி எடுங்கள். எண்ணெய் பூசவோ சூடு வைக்கவோ வேண்டாம். கடித்த திகதியைக் குறித்து வைத்து ஒரு மாதம் கவனியுங்கள். சிவப்பு வட்டம் விரிந்தால், அதற்குள் கொழும்புக்கு வந்திருந்தாலும், பிரான்ஸில் உண்ணி கடித்தது என்று வைத்தியருக்கு நீங்களாகவே சொல்லுங்கள். இங்கே இல்லாத நோய் என்பதால் அவருக்கு உடனே நினைவுக்கு வராது.