படத்தில கொக்கு வெள்ளையா எரிஞ்சு போகுது, ஒருக்கா வழி சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் கிளிநொச்சிப் பக்கம், இந்த வருசம் ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதுறன். ஜனவரி முதலாந் திகதியில இருந்து நாளுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு வாறன். இண்டைக்கு 211ஆவது. காய்ச்சல் வந்த அண்டும் விடேல்லை, படுக்கையில இருந்தபடி யன்னலால முருங்கைப்பூவை எடுத்தனான்.

கமரா இல்லை, அம்மாவின்ர பழைய போன்தான். ரியூசனுக்குப் போற வழியெல்லாம் இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற வயல். இப்ப சிறுபோக நெல்லு வெட்டு. மெசின் போகப் போக பூச்சிகள் எழும்பும், அதுகளைப் பிடிக்கக் கொக்குகள் பின்னாலயே கூட்டமா வரும். எனக்கு இந்த வருசத்தில ஆக விருப்பமான காட்சி இதுதான், ஆனா ஒரு படமும் சரிவருகுதில்லை. கொக்கு சுண்ணாம்பு பூசின மாதிரி வருது, ஒரு இறகும் தெரியுதில்லை. திரையில தொட்டு வெளிச்சத்தைக் குறைச்சால் வயல் கறுத்துப் போகுது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணருற அளவு) 100, ஷட்டர் (வெளிச்சம் உள்ள வாற நேரம்) 1/500 செக்கன் வைச்சும் பாத்தன். வெயில் ஏற முந்தி, காலமை ஆறரைக்கே போய் எடுக்கிறதுதான் வழியோ? இல்லாட்டி 'ரோ'வில (போன் தானா மாத்தாமல் அப்பிடியே சேமிக்கிற முறை) எடுத்துப் பிறகு திருத்தலாமோ?

இன்னொண்டு. போன் நிரம்பிப்போச்சு. படங்களைத் தரம் குறையாமல் எங்க சேமிக்கிறது? பள்ளிக்கூடம் முடிய எல்லாரும் ஒவ்வொரு பக்கம் போயிடுவம். அதுக்கு முந்தி நாப்பது படமாவது பிரிண்ட் எடுத்து வகுப்புச் சுவரில ஒட்டவேணும் எண்டு சரியான ஆசை.

வயலில பறவை எடுத்த ஆக்கள் செற்றிங்கோட படத்தையும் போடுங்கோ. எங்கட பக்கம் வெட்டு முடிய இன்னும் ரெண்டு கிழமைதான் இருக்கு.