புதுப்பிப்பு: அம்மாவின் முறுக்கு வீடியோவுக்குக் கேப்ஷன்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன், அம்மா முறுக்கு பிழியும் வீடியோக்களுக்கு இன்ஸ்டாகிராமில் கேப்ஷன் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கேப்ஷனில் 2,200 எழுத்து வரை இடம் இருந்தாலும், தட்டித் திறக்காமல் கண்ணில் படுவது தொடக்கம் மட்டும்தான். அதனால் ‘வணக்கம் நண்பர்களே, இன்று நாம்’ என்பதை எடுத்துவிட்டு, அம்மா சொல்வதையே முதல் வரியாக வைக்கிறேன். இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் வாங்கிய மாவைப் பிசைந்துகொண்டே, “கையில ஒட்டுதுன்னா தண்ணி கூடிப்போச்சு, இன்னும் ஒரு பிடி மாவு போடு, பயப்படாதே” என்றார். அதை அப்படியே பேச்சுத் தமிழில் போட்டேன், கீழே ஒரே ஒரு வரி ஆங்கிலம். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் மலாய் அக்கா அதைப் படித்துவிட்டு அளவு கேட்டு வந்தார், எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், எம்ஆர்டி ரயிலில் சத்தம் இல்லாமல் பார்ப்பவர்களுக்காக வீடியோவிலும் எழுத்து சேர்க்கிறேன். அதை அடியில் வைக்காதீர்கள், கணக்குப் பெயரும் கேப்ஷனும் வந்து மறைத்துவிடும். நடுவுக்குச் சற்று மேலே வைத்தால் அம்மாவின் கையும் தெரியும், எழுத்தும் தெரியும்.

ஹேஷ்டேக் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்தது ரிப்பன் பக்கோடா, மாவு சலிக்கும்போதே அம்மா கேட்கிறார், “இன்னிக்கு என்ன எழுதப் போற?”