தரங்கம்பாடி: 1620-க்கு முந்தைய ஊரை மாணவர்களுக்கு எங்கே காட்டுவது?

கேள்வி:
ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைத் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். பீங்கான் கலங்கள், சீனத் தேயிலைச் சாடிகள், வாள்கள், பீரங்கிக் குண்டுகள் ஆகியவற்றை மட்டும் பார்த்துத் திரும்பும் பிள்ளைகள், இவ்வூரை டேனியர்களே உருவாக்கினார்கள் என்று எண்ணிவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு. அதற்கு முந்தைய குடியிருப்பை எவ்வாறு விளக்கலாம்?

மறுமொழி 1:
ஐயா, கோட்டைக்குள் நுழையுமுன் கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலுக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்ட அக்கோயிலின் கல்வெட்டு இவ்வூரைச் ‘சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்’ என்று குறிப்பிடுகிறது. டேனியர் வருகைக்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு ஊர் இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது என்பதையும் அங்கேயே சொல்லலாம்.

மறுமொழி 2:
டேனியர்கள் தரங்கம்பாடியைத் தேடிப் புறப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் விளக்குங்கள். 1618-இல் கோபன்ஹேகனிலிருந்து ஓவ கெட்டெ தலைமையில் கிளம்பிய கப்பல்கள் இலங்கையை நோக்கியே வந்தன. வழியில் ஏராளமானோர் நோயால் மாண்டனர், கண்டி அரசருடனான பேச்சும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இதற்கிடையில், முன்னதாக அனுப்பப்பட்ட கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியரிடம் இழந்த ரோலண்ட் கிராப்பெ, உயிர்தப்பிக் கரையேறித் தஞ்சை அரசவையை அடைந்தார். அந்தத் தொடர்பே 1620 நவம்பரில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை ஏற்பட வழிவகுத்தது. இந்தக் கப்பல்களின் கதையைக் கேட்ட பிறகு பார்த்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருள்கள் பிள்ளைகளுக்கு வேறு விதமாகத் தெரியும்.

மறுமொழி 3:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கோட்டை எழுந்த நிலம் போரில் வென்றெடுக்கப்பட்டதன்று. நாயக்கருக்கு ஆண்டுதோறும் தொகை செலுத்தும் ஏற்பாட்டின்பேரில் பெறப்பட்டது. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் பொன் ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. இக்கோட்டையின் தோற்றத்தை விளக்க அதைவிடச் சிறந்த காட்சிப்பொருள் இல்லை என்பதால், அதன் படத்தை அச்சிட்டு எடுத்துச் சென்று, மாணவர்களைக் கோட்டை வாசலில் நிறுத்திக் காட்டுங்கள். 1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்ற செய்தியை இறுதியில் கூறினால் போதும்.