பழைய லேப்டாப்ல ஃப்ரீபிஎஸ்டி சர்வர், வெளியில இருந்து திறக்க மாட்டேங்குது

கேள்வி (புளியரை):
4 ஜிபி ராம் லேப்டாப்ல ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை ஓஎஸ்) போட்டு ஒரு ஜெயிலுக்குள்ள (அதுல தனியா பிரிச்ச பகுதி) நெக்ஸ்ட்கிளவுட் (நம்ம ஃபைல நாமளே வச்சுக்கிற கிளவுட்) வச்சிருக்கேன், வீட்டு வைஃபைல அருமையா ஓடுது, ஆனா ரூட்டர்ல 443 போர்ட்ட (https வர்ற வழி) லேப்டாப்புக்கு ஃபார்வர்ட் பண்ணியும் கொல்லத்துல இருக்குற அக்கா போன்ல திறக்கவே இல்ல. அப்புறம் இங்க சாரல் நேரத்துல கரண்ட் அடிக்கடி போகும், டிஸ்க்ல இருக்குற இசட்எஃப்எஸ் (ஃபைல் சிஸ்டம்) பாழாயிடுமா?

பதில் (செங்கோட்டை):
ரூட்டர்ல வேன் ஐபி (நெட் கம்பெனி ரூட்டருக்கு குடுத்த முகவரி) பாருங்க. 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா சிஜிநாட், ஒரே பப்ளிக் ஐபிய பல வீட்டுக்கு பங்கு போட்டிருக்காங்க, ஃபார்வர்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல. சின்ன விபிஎஸ் (பப்ளிக் ஐபி உள்ள வாடகை சர்வர்) ஒண்ணு எடுத்து, வீட்டுல இருந்து அதுக்கு வயர்கார்டு (விபிஎன்) டனல் போடுங்க, அக்கா அந்த விபிஎஸ் வழியா உள்ள வரலாம், டனல் அறுந்து போகாம இருக்க கீப்அலைவ் 25 விநாடி வைக்க மறக்காதீங்க.

பதில் (ஆரியங்காவு):
இசட்எஃப்எஸ் பழைய பிளாக் மேல எழுதாதுங்க, புது இடத்துல எழுதிட்டுதான் மாத்தும், அதனால கரண்ட் போனா கடைசி சில விநாடி எழுதினது போகலாம், மத்தது நிக்கும். ஸ்னாப்ஷாட்ட (அதே டிஸ்க்ல அந்த நேரத்து நிலைய பிடிச்சு வைக்கிறது) மட்டும் பேக்கப்னு நம்பாதீங்க, டிஸ்க் போனா அதுவும் சேர்ந்தே போயிடும், வெளி டிஸ்க்குக்கு அத காப்பி பண்ண இசட்எஃப்எஸ் சென்ட் கமாண்ட் போடுங்க. இடி இடிச்சா லேன் வயரையும் கழட்டிடுங்க.

கேட்டவர்:
100.72ன்னு காட்டுது அண்ணே! இன்னைக்கு ராத்திரியே டனல் போடுறேன்.