மூன்று பேனாவும் இரண்டு குறிப்பேடும்

கயல்: பெரியப்பா, நாளை எனக்குக் கணிதத் தேர்வு. 3 பேனாக்களும் 2 குறிப்பேடுகளும் சேர்ந்து 120 ரூபாய். ஒரு குறிப்பேட்டின் விலை, பேனா விலையின் இருமடங்கைவிட 4 ரூபாய் அதிகம் எனில், ஒவ்வொன்றின் விலை என்ன? எனக்கு 116ஐ 7ஆல் வகுக்கும்படி வருகிறது, மீதி விழுகிறது.

மாமா: பேனா 16, குறிப்பேடு 36.

பெரியப்பா: விடையை மட்டும் சொன்னால் பிள்ளைக்கு எப்படி விளங்கும், மச்சான்? கயல், பேனாவின் விலையை எக்ஸ் என்று வைத்துக்கொள். குறிப்பேட்டுக்குத் தனி எழுத்து தேவையில்லை. கணக்கின் இரண்டாவது வாக்கியமே அதன் விலையை 2 எக்ஸ் கூட்டல் 4 என்று சொல்லிவிடுகிறது. அப்படியானால் பேனாக்களுக்கு 3 எக்ஸ், இரண்டு குறிப்பேடுகளுக்கு 4 எக்ஸ் கூட்டல் 8, ஆக மொத்தம் 7 எக்ஸ் கூட்டல் 8 என்பது 120க்குச் சமம். இருபுறமும் 8ஐக் கழித்தால் 7 எக்ஸ் 112 ஆகும், எக்ஸ் 16.

அம்மா: அவள் நோட்டை இப்போதுதான் பார்த்தேன். அடைப்புக்குறிக்கு வெளியே நின்ற 2, உள்ளே இருந்த எக்ஸை மட்டும் பெருக்கியிருக்கிறது. 4 அப்படியே நின்றுவிட்டது. அந்த இடத்தில் மூன்று முறை அழித்து எழுதியதில் தாளே தேய்ந்துவிட்டது.

கயல்: இரண்டு குறிப்பேடு என்றால் அந்த 4 ரூபாயும் இரண்டு முறை வர வேண்டுமா!

பெரியப்பா: அதேதான், கண்ணு.

சித்தி: எதற்கெடுத்தாலும் எக்ஸ் என்றே ஏன் வைக்கிறார்கள்?

பெரியப்பா: தெரியாத அளவுகளுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று எழுதும் வழக்கம் 1637இல் வெளிவந்த, பிரெஞ்சுக் கணித அறிஞர் டெக்கார்ட்டின் நூலிலிருந்து நிலைபெற்றது. அதற்கு வெகு காலம் முன்பே, 12ஆம் நூற்றாண்டில், நம் நாட்டுக் கணித அறிஞர் பாஸ்கரர் தெரியாத அளவுகளைக் கருப்பு, நீலம், மஞ்சள் என்று நிறப் பெயர்களால் குறித்தார்.

மாமா: அத்தான், நான் எக்ஸே வைக்கவில்லை. பேனா 15 என்று எடுத்துக்கொண்டேன், குறிப்பேடு 34, மொத்தம் 113, 7 ரூபாய் குறைகிறது. பேனா ஒரு ரூபாய் கூடினால் பேனாக்களில் 3, குறிப்பேடுகளில் 4, ஆக மொத்தம் 7 கூடும். எனவே 16. பழைய எகிப்தியரின் பாப்பிரஸ் ஏடுகளிலேயே இப்படி ஒரு மதிப்பை ஊகித்துத் திருத்தும் முறை இருக்கிறது.

பெரியப்பா: பயணச் செலவையும் நீ இப்படித்தான் மனக்கணக்கில் பிரித்தாய், எனக்கு இன்னும் அது புரியவில்லை.

மாமா: அந்தக் கணக்கு சரி என்று அக்காவே ஒப்புக்கொண்டாள்.

அம்மா: நான் சண்டை வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

கயல்: மாமாவின் 7தான் பெரியப்பாவின் 7 எக்ஸில் இருக்கும் 7ஆ?

பெரியப்பா: ஆமாம். பேனாவின் விலை ஒன்று ஏறினால் மொத்தம் எவ்வளவு ஏறும் என்பதைத்தான் எக்ஸுக்கு முன்னால் நிற்கும் அந்த எண், அதாவது கெழு, சொல்கிறது. மச்சான், உன் வழியை நான் இதுவரை இப்படிப் பார்த்ததில்லை. இருந்தாலும் விலை பின்னமாக வந்தால் ஊகித்துக்கொண்டிருக்க நேரம் போதாது. தேர்வில் சமன்பாட்டையே எழுதட்டும்.

மாமா: பின்னமாக வந்தாலும் குறைகிற தொகையை 7ஆல் வகுத்தால் போதும், அத்தான்.

சித்தி: இரவு அவளோடு யார் உட்காரப் போகிறீர்கள்?

பெரியப்பா: நான் எட்டு மணிக்கு அழைக்கிறேன்.

மாமா: எட்டு மணிக்கு நான் வருவதாக அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

கயல்: அடைப்புக்குறியைச் சரியாகப் பிரித்து மறுபடி போட்டேன். 48ம் 72ம் 120 வருகிறது. இந்தச் சரிபார்ப்பையும் விடைத்தாளில் எழுத வேண்டுமா?

மாமா: தேவையில்லை.

பெரியப்பா: கட்டாயம் எழுது.