மேலத்தெரு குடும்பம்: சதாபிஷேக ஏற்பாடு

மதுரை சித்தப்பா: மண்டபம் உறுதி. பத்திரிகை நாளைக்கு அச்சுக்குப் போகுது. பிள்ளைங்க தாத்தாவைப் பத்தி வலைப்பூ எழுதப்போறாங்கன்னு பேசினோமே, அது என்னாச்சு?

பெரியம்மா: இந்தத் தடவையாவது பத்திரிகையில எங்க வீட்டுப் பேரு இருக்குமா

மதுரை சித்தப்பா: அண்ணி, அது 2011ல 🙏

பெரியம்மா: நான் ஒண்ணும் சொல்லல

துபாய் அக்கா: என் பையன் நேத்தே எழுதிட்டான் அத்தை.
"என் தாத்தா நல்லவர். அவர் அன்பானவர். அவருக்குப் பல்லி என்றால் மிகவும் பிடிக்கும். நான் அவரை நேசிக்கிறேன்."

அண்ணன்: பல்லியா 😂

துபாய் அக்கா: பள்ளி!! போன் பண்ணின வேலை

டீச்சர் அத்தை: பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீங்க. ஆங்கில எழுத்துல அடிச்சா பள்ளிக்கும் பல்லிக்கும் ஒரே ஸ்பெல்லிங். மேல ரெண்டு மூணு சொல் காட்டும், அவன் முதல்ல இருக்கறதைத் தட்டிடுவான். பனி பணி, மனம் மணம், கரி கறி எல்லாம் இப்படித்தான் மாறும். எழுத்தைத் தேர்ந்தெடுக்கற வேலையைப் போன் எடுத்துக்குது, பிள்ளைக்கு ல, ள வித்தியாசம் மனசுல பதியறதே இல்ல. அவன்கிட்ட ஐபேட் இருக்கே, கீபோர்டு சேர்க்கற இடத்துல தமிழ்99னு ஒரு தமிழ் விசைப்பலகை இருக்கும், அதைப் போடு. பள்ளின்னு அடிக்க ப, ள, ள, இ. நாலே தட்டு. முதல் ள-வுக்குப் புள்ளி தானா விழும். ந அடிச்சுத் த அடிச்சா ந்த வந்துடும். மூணு நாள் தடுமாறுவான், அப்புறம் கை பழகிடும்.

அண்ணன்: எங்க சின்னவன் எழுதவே மாட்டேங்கறான் அத்தை

பெரியம்மா: உன்னை மாதிரி

டீச்சர் அத்தை: கேள்வி தப்பு. "தாத்தாவைப் பத்தி எழுது"ன்னா நல்லவர், அன்பானவர்தான் வரும். அதுக்கு மேல பிள்ளைக்குப் பிடிமானம் இல்ல. தாத்தா சட்டைப்பையில என்னென்ன இருக்குன்னு கேளுங்க. அஞ்சு பொருள் நோட்டுல பேனாவால எழுதட்டும். அதுல ஒண்ணை எடுத்து ஆறு வாக்கியம். எங்க வாங்கினது, எப்ப எடுப்பார், தொலைஞ்சா என்ன பண்ணுவார். 100 சொல்லுக்கு மேல போகக்கூடாது. தாள்ல எழுதி, சத்தமா ஒருதடவை வாசிச்சு, அதுக்கப்புறம்தான் தட்டச்சு. நேரா திரையில உட்கார வச்சா அரை மணி நேரம் எழுத்துரு கலர் மாத்திட்டே இருப்பாங்க.
நேசிக்கிறேன்னு எந்தப் பிள்ளை தாத்தாகிட்ட பேசும்? அது நீ சொல்லிக்குடுத்தது.

துபாய் அக்கா: 🙈

டீச்சர் அத்தை: சின்னவனுக்கு மைக் பட்டனை அமுக்கிப் பேசச் சொல்லு. முற்றுப்புள்ளியே இல்லாம ஒரே நீளமா விழும், பேச்சுத்தமிழ்ல சில சொல் கன்னாபின்னான்னு வரும். திருத்தாதே. அப்படியே பிரிண்ட் எடுத்து அவன்கிட்டயே குடு. வாசிச்சு மூச்சு விடற இடத்துல கோடு போடட்டும். பாதிக் கோடு சரியா வாக்கியம் முடியற இடத்துல இருக்கும். மிச்சத்தை நீ கூட உட்கார்ந்து பார்த்துக்கோ.

அண்ணன்: பிரிண்டர்ல இங்க் இல்ல

மதுரை சித்தப்பா: பாப்பா முடிச்சுட்டா. கூகுள் டாக்ஸ்ல இருக்கு. "ஆலமரமாய் நிழல் தந்து அறநெறி வழுவாது வாழும் எம் பாட்டனார்"னு ஆரம்பிக்குது 💪

டீச்சர் அத்தை: எப்ப என்ன மாறுச்சுன்னு காட்டற வெர்ஷன் ஹிஸ்டரி பார்த்தேன் தம்பி. ராத்திரி 11:40க்கு நாலு பத்தியும் ஒரே ஒட்டா விழுந்திருக்கு. பாப்பா 9 மணிக்கே தூங்கிடுவா.

பெரியம்மா: 😂😂😂

அண்ணன்: சித்தப்பா வழுவிட்டார்

மதுரை சித்தப்பா: கொஞ்சம் மெருகேத்தினேன், அவ்வளவுதான்

டீச்சர் அத்தை: அவ எழுதினது அடியில இருக்கு. "தாத்தா சட்னியைத் தனிக் கிண்ணத்தில் வாங்குவார், இட்லியில் படக்கூடாது." அதுதான் நல்ல வாக்கியம். மேல இருக்கற நாலு பத்தியை எடுத்துடு. திருத்தணும்னா டாக்ஸ்ல சஜஸ்டிங் போட்டுத் திருத்து, திருத்தம் யோசனையா மட்டும் நிக்கும். ஏத்துக்கறதும் தள்ளறதும் அவ கையில இருக்கட்டும். ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழைதான் பார்க்கணும். இந்த வாரம் முற்றுப்புள்ளி, அடுத்த வாரம் ஒற்று. எல்லாத்தையும் ஒரே நாள்ல சிவப்பாக்கினா அடுத்த பதிவு வராது.

துபாய் அக்கா: வலைப்பூவை யாரு திறக்கறது? இவனுக்கு 9 வயசுதான்

டீச்சர் அத்தை: 13 வயசுக்குள்ள தனிக் கணக்கு வேண்டாம். ப்ளாகர்ல நான் திறக்கறேன். வீட்டுக்கு ஒரு பெரியவங்க மின்னஞ்சல் அனுப்புங்க, ஆத்தரா சேர்க்கறேன். பதிவு அந்தக் கணக்குல வரும், அடியில பிள்ளை செல்லப்பேரு மட்டும். செட்டிங்ஸ்ல ரீடர் ஆக்சஸை மாத்தி, நான் சேர்க்கறவங்க மட்டும் படிக்கற மாதிரி வைப்பேன். கருத்து எல்லாம் நான் பார்த்த பிறகுதான் வெளிய வரும். பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், கதவு எண் தெரியற படம் போடாதீங்க.

பெரியம்மா: மூடி வச்சா என் தங்கச்சி எப்படிப் படிப்பா

மதுரை சித்தப்பா: எல்லாரும் படிக்கற மாதிரியே வைக்கலாம்க்கா. ஆபீஸ்லயும் காட்டணும்

டீச்சர் அத்தை: உன் ஆபீஸ்ல காட்டவா பிள்ளைங்க எழுதுது?

அண்ணன்: இதுக்கு நோட்டுலயே எழுதலாமே அத்தை

டீச்சர் அத்தை: நோட்டுல எழுதினா நான் ஒருத்தி டிக் போடுவேன், மூடி வச்சுடுவான். இதுல துபாய்ல இருந்தும் மதுரையில இருந்தும் கேள்வி வரும். பதில் சொல்லணும்னா திரும்ப எழுதணும். அதுக்குத்தான் வலைப்பூ. அதனால யாரும் "சூப்பர்"னு போடாதீங்க. எது பிடிச்சுதுன்னு ஒரு வரி, தெரிஞ்சுக்க ஒரு கேள்வி. பிழை இருந்தா கருத்துல எழுதாம போன்ல சொல்லுங்க.

துபாய் அக்கா: இப்பதான் தாத்தாகிட்ட வீடியோ கால்ல கேட்டுட்டு எழுதினான்.
"தாத்தா சட்டைப்பையில் ஒரு பேனா, கண்ணாடி துடைக்கும் துணி, பழைய பஸ் டிக்கெட்டுகள் உள்ளன. டிக்கெட்டைத் தூக்கிப் போட மாட்டார். அதன் பின்னால் கணக்கு எழுதுவார்."

மதுரை சித்தப்பா: சூப்பர் 👌👌👌

டீச்சர் அத்தை: தம்பி.

மதுரை சித்தப்பா: சரி சரி. டிக்கெட் பகுதி பிடிச்சுது. என்ன கணக்கு எழுதுவார்?

பெரியம்மா: கிணத்து மோட்டாருக்கு யார் யார் காசு தரலங்கற கணக்கு

அண்ணன்: பெரியம்மா 😶

டீச்சர் அத்தை: அவனே கேட்டு எழுதட்டும் அண்ணி. அக்கா வீட்டு மின்னஞ்சல் வந்துது. மத்தவங்க?

அண்ணன்: பாஸ்வேர்டு மறந்துபோச்சு, ஞாயித்துக்கிழமை பார்க்கறேன்

பெரியம்மா: சமையல்காரருக்கு முன்பணம் யாரு குடுக்கறது

மதுரை சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது